இறக்குவதற்காக ஏற்றியது

பணிமனையில் எடை போட்டு ரசீது கிழித்தார்கள்:
அறுபத்து மூன்று கே.வி.ஏ.,
எண்ணெயோடு சேர்த்து நானூற்று முப்பது கிலோ.
செம்புச் சுற்று என்று தகட்டில் இருந்தது.
அலுமினியம்தான் மேடம், என்றார் ஃபோர்மேன் மாதையன்,
திறந்து பார்க்காமலே.

ஏற்காடு மலைக்கு இருபது கொண்டை ஊசி.
பாதி வளைவுகளில்
லாரி ஒருமுறை பின்வாங்கித்தான் முன்னேறியது.
வோல்டேஜை இறக்குகிற சாமான் இது,
இறக்குவதற்காக இத்தனை ஏற்றம் பாருங்கள், என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
கயிறு அவர்கள் கையில் இருந்தது.

பெலாக்காட்டில் பதினோரு நாளாய்க் கரண்ட் இல்லை.
மழை ராத்திரியில் ஒரு மரநாய்
பழைய டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி
இந்தப் புஷ்ஷிங்கில் முன்காலும்
அந்தப் புஷ்ஷிங்கில் பின்காலும் வைத்திருக்கிறது.
தொடக்கூடாத இரண்டை ஒரே நேரத்தில் தொட்டது.
அவ்வளவுதான் அதன் குற்றம்.

காப்பித் தோட்டத்து வேலியோடு ரோடு முடிந்தது.
மிச்சம் ஒரு ஃபர்லாங் மூங்கிலும் தோளும்.
சாமி தூக்கிப் பழகிய தோள்கள்தாம்,
ஆனால் சாமிக்கு ரேடியேட்டர் துடுப்பு கிடையாது.
விலாவில் குத்தியது.
சில்வர் ஓக் நிழலில் நாலு முறை இறக்கி வைத்தோம்.
நாலு முறையும் வெள்ளையன்
ஆயில் கசிகிறதா என்று
அடியில் விரல் விட்டு முகர்ந்தான்.

தூக்காதவள் நான். யோசிக்க நேரம் இருந்தது.

இதற்குள் நகரும் உறுப்பு ஒன்றும் இல்லை.
இரண்டு கம்பிச் சுற்று, நடுவே காகிதம், சுற்றிலும் எண்ணெய்.
ஆயுள் முழுக்க ஒன்றையொன்று தொடாது.
ஒன்று பதறினால் இரும்பு கேட்கிறது,
இரும்பு கேட்டதை மற்றது பதறுகிறது.
மாறாத கரண்டை அனுப்பிப் பார்,
மறுபக்கம் ஒன்றும் வராது,
இந்தப்பக்கம் சூடு மட்டும் ஏறும்.
நொடிக்கு ஐம்பது தரம் போய்த் திரும்புகிறதே,
அதற்குத்தான் இங்கே வழி.

மேட்டூரில் லட்சக்கணக்கான வோல்ட்டாய் ஏற்றி
ஓமலூர் மரவள்ளிக் காட்டுக்கு மேலே அனுப்புகிறார்கள்.
அந்த உயரத்தில் அதைக் கொண்டு
ஒரு பல்பும் எரிக்க முடியாது.
அந்த உயரம் இல்லாவிட்டால் வழியிலேயே கம்பியைச் சுட்டுத் தீர்ந்துபோகும்.
ஊர் ஊராய்ப் படி இறங்கி
கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டி
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போட்டு
மலை ஏறி வந்து
இந்த மூங்கிலுக்காகக் காத்திருக்கிறது.

ஐந்தே முக்காலுக்குக் கம்பத்தில் உட்கார்ந்தது.
மூச்சுக்குப்பியில் சிலிக்கா ஜெல் இன்னும் நீலம்.
வீட்டுப்பக்க பியூஸ் மூன்றையும் கழற்றி வைத்து
முதலில் வெறும் வயிற்றில் சார்ஜ் செய்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டுதான் காட்டியது.
லைனின் கடைசி ஊர், வந்து சேர்வதற்குள் இளைத்திருந்தது.
மறுபடி ஆஃப். டேப்பை ஒரு படி திருப்பினோம்.
கீழே கூடியிருந்தவர்கள் ‘ஓ’ என்றார்கள்.
இருநூற்று முப்பது.

மாதையன் பியூஸை ஒவ்வொன்றாகச் சொருகினார்.

மேல்தெரு.
அன்று நின்ற இடத்திலிருந்து எல்லாம் தொடங்கியது.
ஆளில்லாத கொட்டகையில் காப்பிப் பல்பர் சுழன்றது.
அலமேலு வீட்டில் கழுவிக் கவிழ்த்த மிக்சி
ஜாரில்லாமல் அலறியது.
பள்ளிக்கூடத்தில் காலி பெஞ்சுகளுக்கு மேல் மூன்று ஃபேன்.
கீழ்க்காட்டில் ஒரு டிவி,
பதினோரு நாளில் அந்தத் தொடரில்
யாரோ செத்திருந்தார்கள்.
யார் யார் என்று ஓடினார்கள்.
எங்களிடம் நன்றி சொல்ல யாரும் நிற்கவில்லை.
அதுவே சரியாகப்பட்டது.

நின்றது குப்பாயி மட்டும்.
கம்பத்துக்குப் பக்கத்து வீடு அவளுடையது.
தலை சாய்த்துக் கேட்டாள்.
இது ராப்பூரா இப்படித்தான் முனகுமா?

ஆமாம், என்றேன். எல்லாரும் விளக்கணைத்த பிறகும்.
யாருக்கும் வேண்டாத நேரத்திலும் கொஞ்சம் தின்றுகொண்டு
விழித்திருக்கும்.

தூங்கவே தூங்காதா?

மாதையன் மூங்கிலைத் தோளில் எடுத்தார்.
தூங்கினா
நாங்க மறுபடி தூக்கணும் தாயி.